டத்தோவுக்கு மூன்று கூப்பாடு

அத்தியாயம் பதினான்கு

டத்தோ கடைசியாகக் கண்ணை மூடி நாலாயிரத்துப் பன்னிரண்டு நாள் ஆகிறது. இன்று அவரை அணைத்து எழுப்ப வேண்டும் என்று வனஸ்ஸா சொன்னதும், அவளுடைய அப்பா டொனால்ட் நாற்காலியிலிருந்து எழுந்தார். எழுந்து செய்வதற்கு ஒன்றும் இல்லாததால் மறுபடி உட்கார்ந்தார்.

"அணைக்கணுமா?"

"அணைச்சு எழுப்பணும்ப்பா. இல்லாட்டி பேட்ச் பிடிக்காது."

"பதினோரு வருசமா ஒரு தடவகூட அணைச்சதில்லம்மா."

"அதான் பிரச்சனையே லா."

சென்ற வார அத்தியாயத்தைப் படிக்காமல் கல்யாண வீட்டுக்குப் போய்விட்டவர்களுக்காக ஒரு வார்த்தை. டத்தோ என்பது மனிதர் அல்ல. ஹார்விக் தேயிலைத் தோட்டத்து ஆபீசில் தனி அறையில் இருக்கும் யூனிக்ஸ் கம்ப்யூட்டர். கொழுந்து எடை, ஆள் பேர்ப்பதிவு, தொழிலாளர் குடியிருக்கும் லயத்து வீட்டு எண் எல்லாம் அதற்குள்தான். கேமரன் மலையில் ஊரே ஸ்வெட்டர் போட்டு நடுங்கும்போது இது மட்டும் ஏர்கான் போட்டு உட்கார்ந்திருக்கிறது. அனுமதியில்லாமல் யாரும் பார்க்க முடியாது. என்ன வேலை செய்கிறது என்று யாருக்கும் சரியாகத் தெரியாது. அதனால்தான் மலேசியாவில் பெரிய மனிதர்களுக்குக் கொடுக்கும் அந்தப் பட்டப்பெயர்.

டொனால்ட் தோட்டத்துப் பெரிய கிராணி, அதாவது தலைமைக் குமாஸ்தா. போன திங்கட்கிழமை தலைமை அலுவலகத்திலிருந்து அவருக்கு ஒரு கடிதம் வந்தது. கம்ப்யூட்டரில் பல வருடத்து ஓட்டைகள் அடைக்கப்படாமல் இருக்கின்றன. பாதுகாப்புக்கும் பிழை திருத்தத்துக்கும் வந்த பேட்ச் எல்லாவற்றையும் ஒரே மூட்டையாக ஏற்ற வேண்டும். வெளியிலிருந்து நுழைகிற பழைய வழியை மூட வேண்டும். வெள்ளிக்கிழமை மாலை நாலு மணிக்குள் முடித்து அறிக்கை வர வேண்டும். வராவிட்டால் டத்தோ லோரி ஏறித் தலைமை அலுவலகம் போவார். டத்தோ போனால் ஆபீஸ் போகும். ஆபீஸ் போனால் அதன் பின்னால் இருக்கிற கிராணி வீடும் போகும். டொனால்டும் அவர் மனைவி பார்பராவும் முப்பத்தொரு வருடமாக இருக்கிற வீடு.

வெள்ளிக்கிழமை என்பது இன்று.

கோலாலம்பூரில் இதே வேலையைப் பார்க்கும் மகள் வனஸ்ஸா, பேட்ச் மூட்டையை ஒரு டிவிடியில் ஏற்றிக்கொண்டு நேற்று சாயங்கால பஸ்ஸில் வந்து இறங்கினாள்.

காலையில் ஃபேக்டரி வரை ஒரு நடை போய்விட்டு ஆபீசுக்கு வரும்போதே அவளுக்கு முதல் அதிர்ச்சி காத்திருந்தது. ஃபேக்டரி வளைவில் எடைக் கிராணி சுப்பன் மோட்டாரை நிறுத்தினார். கைப்பிடியில் இரண்டு நாசி லெமாக் சோற்றுப் பொட்டலம் ஆடிக்கொண்டிருந்தது.

"பாப்பா, எப்ப வந்தே? பசியாறிட்டியா? அம்மாவுக்கு எடது முட்டி இன்னும் வலிதானா?"

"வலிதான்... உங்களுக்கு யார் சொன்னா, அங்கள்?"

"தெரியும் லா. பிரஷர் மாத்திரை மாத்திட்டாங்களாமே, ஒத்துக்குதா?"

மாத்திரை மாற்றியது முந்தாநாள். மகளுக்கே நேற்றுச் சாப்பாட்டு மேசையில்தான் தெரியும்.

"ரெண்டு பொட்டலம் யாருக்கு?"

"பசி லா," என்று சொல்லிவிட்டு சுப்பன் மோட்டாரை நாலாம் டிவிஷன் பக்கம் திருப்பினார். அவர் வேலை பார்க்கும் எடைக்கூடம் எதிர்ப்பக்கம் இருக்கிறது. வனஸ்ஸா அதைப் பற்றி யோசிக்கவில்லை. நாமும் இப்போதைக்குப் பெரிதுபடுத்த வேண்டாம்.

மூட்டையோடு வந்த குறிப்பு பதினெட்டுப் பக்கம். 'முழுவதும் படிக்காமல் தொடங்காதீர்கள்' என்பது முதல் வரி. ஹார்விக் தோட்டத்தில் இதுவரை யாரும் எதையும் முழுவதும் படித்துவிட்டுத் தொடங்கியதில்லை. டொனால்ட் படித்தார். ஒவ்வொரு பக்கத்துக்கும் கீழே சின்னதாகக் கையெழுத்தும் போட்டார். யாரும் கேட்கவில்லை.

"மொதல்ல பேக்கப்," என்று வனஸ்ஸா விரலை மடக்கினாள். "ரெண்டாவது, உள்ள எடம் இருக்கான்னு பாக்கணும். ஒவ்வொரு பேட்ச் போடும்போதும் பழசை எடுத்து வச்சுக்கும், சரிவரலைன்னா திரும்பிப் போறதுக்கு. மூணாவது, உள்ள ஒரு ஆள் இருக்கக் கூடாது. எல்லாரும் வெளிய போகணும். அப்புறம் மூட்டைய ஏத்துறது. கடைசியா அணைச்சு எழுப்புறது."

"எழும்பலைன்னா?"

"எழும்பும்ப்பா."

"எழும்பலைன்னா?"

வனஸ்ஸா பேக்கப்பைத் தொடங்கினாள். பதினோரு வருடமாக நிற்காமல் சுற்றிய தட்டுகள் ஒரு முறை நின்றால் மறுபடி சுற்றுமா என்ற கேள்விக்கு அந்தப் பதினெட்டுப் பக்கத்தில் பதில் இல்லை.

பதினொரு மணிக்கு இடம் பார்த்தாள். தொண்ணூற்றேழு சதவீதம் நிறைந்திருந்தது.

"வருகைப் பதிவுப்பா. யார் எப்ப உள்ள வந்தா, எங்கேர்ந்து வந்தா, எப்ப போனா. பதினோரு வருசமா எழுதிக்கிட்டே இருக்கு. யாருக்கு வேணும் இது? அழிச்சிடுறேன்."

"தொடாதே!"

வராந்தாவில் நின்றிருந்த கங்காணி ரெங்கசாமி தொப்பியைக் கழற்றிவிட்டார். டொனால்ட் தன்னைத்தான் சொல்கிறார் என்று நினைத்துவிட்டார் போலிருக்கிறது.

டொனால்ட் குரல் உயர்த்துகிறவர் அல்ல. கடைசியாக உயர்த்தியது மூன்று வருடத்துக்கு முன்னால். அன்று குடும்பத்தில் ஒரு ஆள் குறைந்தது.

அந்த ஆள் ராய்ஸ்டன். டொனால்டின் மகன், வனஸ்ஸாவுக்கு அண்ணன். அப்போது டத்தோவைப் பார்த்துக்கொண்டிருந்தவனும் அவன்தான். லெம்பா பெர்த்தாமில் பூத்தோட்டம் வைத்திருக்கிற வீட்டுப் பெண் அன்பரசியை, கோயிலிலும் இல்லாமல் சர்ச்சிலும் இல்லாமல், தானா ராத்தா பதிவு ஆபீசில் கட்டிக்கொண்டு நேரே வீட்டு வாசலில் வந்து நின்றான். "இந்த வீட்டுல ஒனக்கு வேலை இல்ல" என்றார் டொனால்ட். அவனும் போய்விட்டான். லெம்பா பெர்த்தாம் கெரெத்தாவில், அதாவது காரில், இருபத்தைந்து நிமிடத் தூரம். மூன்று வருடமாக இங்கிருந்து அங்கே யாரும் போகவில்லை. டொனால்ட் அந்தப் பெயரைக்கூட உச்சரிக்கவில்லை.

"சரி, அழிக்கல," என்றாள் வனஸ்ஸா. கடைசி ஆறு மாதப் பதிவை மட்டும் டத்தோவில் விட்டுவிட்டு மற்றதை வேறு டிஸ்க்கில் எடுத்து வைத்தாள். டிஸ்க்கை டொனால்ட் வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

பன்னிரண்டேகாலுக்கு மூன்றாவது படி. உள்ளே யார் யார் இருக்கிறார்கள் என்று வனஸ்ஸா டத்தோவைக் கேட்டாள். மூன்று வரி வந்தது. முதல் வரி அவள். இரண்டாவது வரி அப்பா.

"அப்பா."

"ம்."

"அண்ணன் உள்ள இருக்கான்."

டொனால்ட் கதவைப் பார்த்தார்.

"அங்க இல்லப்பா. இங்க."

மூன்றாவது வரியில் 'ராய்ஸ்டன்' என்று இருந்தது. காலை ஏழு பத்திலிருந்து உள்ளே இருக்கிறான். லெம்பா பெர்த்தாமிலிருந்து, வெளியே இருந்து நுழைகிற அந்தப் பழைய வழியாக.

வனஸ்ஸா அப்பாவின் முகத்தைப் பார்த்தாள். வர வேண்டிய அதிர்ச்சி அங்கே வரவில்லை. அதுதான் அவளுக்கு அதிர்ச்சி.

"ஆள வீட்ட விட்டு வெரட்டிட்டீங்க. யூசர அழிக்கலையா?"

"வேலை நெறைய இருந்துச்சு."

"மூணு வருசமாவா?"

டொனால்ட் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவள் சட்டென்று அவருடைய பெயரில் உள்ளே நுழைந்து பார்த்தாள். டத்தோவுக்குள் தோட்டத்து ஆள் யார் நுழைந்தாலும் முதலில் ஒரு அறிவிப்பு தெரியும்; வனஸ்ஸாவின் பராமரிப்புப் பெயருக்கு அது வராது. தோட்டத்துக்காகப் பெரிய கிராணி தினமும் காலையில் அடித்து வைப்பது. இன்றைய அறிவிப்பு, ஆங்கில எழுத்தில் தமிழாக, இப்படி இருந்தது:

'மழை இல்லை. மூன்றாம் டிவிஷனில் மருந்தடிப்பு. கீழ் ரோட்டில் மண் சரிவு, லோரி போகலாம், கெரெத்தா போகாது. பார்பராவுக்கு இடது முட்டி வலி. புது மாத்திரை ஒத்துக்கொள்கிறது. வனஸ்ஸா வந்திருக்கிறாள். இளைத்திருக்கிறாள். இப்படிக்கு, பெரிய கிராணி.'

"என்னப்பா இது?"

"தோட்ட அறிவிப்பு."

"நான் எளைச்சது தோட்ட அறிவிப்பா?"

"என் முட்டி?" என்று வாசலில் ஒரு குரல் கேட்டது.

பார்பரா சாப்பாட்டுத் தூக்கோடு நின்றுகொண்டிருந்தார். எவ்வளவு நேரமாக என்று தெரியவில்லை. போதுமான நேரமாக.

"அதான் லயத்துக் கோடி வரைக்கும் முட்டி எப்படி, முட்டி எப்படின்னு கேக்குறாங்களா? ஜெபக் கூட்டத்துல என் முட்டிக்காக எழுந்து நின்னு ஜெபம் பண்ணாங்க! நம்ம மேல இவ்ளோ பாசமான்னு நான் அழுதுட்டேன்!"

"பார்பரா..."

"எத்தன நாளா எழுதுறீங்க?"

"மூணு வருசமா," என்றாள் வனஸ்ஸா.

பார்பரா வாயைத் திறந்தார். மூன்று வருடம் என்ற கணக்கு உள்ளே போய் உட்கார்ந்ததும் மூடிக்கொண்டார். திரையில் மூன்றாவது வரியைப் படித்தார். தூக்கை மேசையில் வைத்தார். மிக மெதுவாகக் கேட்டார்.

"யாருக்காக எழுதுனீங்க?"

டொனால்ட் தூக்கைத் திறந்தார். "சாம்பார் ஆறிடப் போவுது."

யாரும் சாப்பிடவில்லை. வனஸ்ஸாதான் பேச வேண்டியிருந்தது.

"அம்மா, இந்தப் பேட்ச் வந்து... ஓட்டை அடைக்கிற மாதிரி."

"நம்ம அடுப்பங்கரை கூரை மூணு வருசமா ஒழுவுது. அதுக்கு ஆள் இல்ல. டத்தோவுக்கு எத்தன ஓட்ட?"

"நூத்தி எம்பத்தாறு பேட்ச். ஆனா அது இல்லம்மா விசயம். மூட்டைய ஏத்தின கையோட பழைய வழிய மூடச் சொல்லி உத்தரவு. அண்ணன் தினமும் வர்ற வழி அதுதான். இன்னியோட அவன் வர முடியாது. மூடலைன்னா வீடு போயிடும்."

வனஸ்ஸா விசைப்பலகையில் கையை வைத்தாள்.

"இப்பகூட நான் ஒரு கட்டளை போட்டா அவன் தொடர்பு அறுந்திடும். ஒரு செகண்டு வேலை."

"அறுக்கக் கூடாது," என்றார் டொனால்ட். "கூப்பிடணும். மூணு தடவ."

தோட்டத்தில் மருந்தடிக்கும்போது இதுதான் முறை. மருந்து இறங்குவதற்கு முன்னால் ரெங்கசாமி மலை உச்சியில் நின்று மூன்று கூப்பாடு போடுவார். முதல் இரண்டும் பொதுவாக, செடிக்குள் யார் இருந்தாலும் வெளியே வா என்று. மூன்றாவது, இன்னும் வராதவனைப் பேர் சொல்லி. அதற்கும் வராவிட்டால் ஆள் நேரில் இறங்கிப் போய்க் கூட்டிக்கொண்டு வர வேண்டும். அதுவரை ஒரு சொட்டு மருந்து விழக் கூடாது.

"கம்ப்யூட்டருக்கெல்லாம் இது உண்டாப்பா?"

"ஆள் உள்ள இருக்கான்ல?"

பன்னிரண்டு நாற்பதுக்கு முதல் கூப்பாடு போனது. டத்தோவுக்குள் இருக்கும் எல்லாருடைய திரையிலும் விழும்படியான செய்தி. 'பேட்ச் வேலை. ஒன்று பத்துக்கு டத்தோ அணைக்கப்படும். நாலு மணிக்குள் முடியாவிட்டால் ஆபீசும் வீடும் போகும். எல்லாரும் வெளியே வரவும்.' பதில் இல்லை. இப்போதுதான் மூவரும் ஆறிய சாம்பாரைச் சாப்பிட்டார்கள். பன்னிரண்டு ஐம்பத்தைந்துக்கு இரண்டாவது கூப்பாடு. ராய்ஸ்டன் வரி அசையவில்லை.

ஒன்று ஐந்துக்கு மூன்றாவது. பேர் சொல்லிக் கூப்பிட வேண்டியது.

வனஸ்ஸா நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தாள். டொனால்ட் உட்கார்ந்தார். ஒரு விரலால் அடித்தார். ஒவ்வொரு எழுத்தும் எங்கே இருக்கிறது என்று தேடினார். பதினோரு வருடமாக அதே இடத்தில்தான் இருக்கின்றன.

'ராய்ஸ்டன். வெளியே வா.'

அரை நிமிடம். பிறகு திரையில் எழுத்து தானாக நகர்ந்தது.

'மாமா'

பார்பரா சிலுவை போட்டுக்கொண்டார். ராய்ஸ்டன் அப்பாவை மாமா என்று கூப்பிடுகிறவன் அல்ல.

'மாமா நான் அன்பரசி. பூ கட்டிட்டு இப்பத்தான் வந்து பாத்தேன்.'

மூன்று வருடத்தில் மருமகள் இந்தக் குடும்பத்தோடு பேசிய முதல் வார்த்தை அது. மூன்று பேரும் ஒரே திரையை முட்டிக்கொண்டு பார்த்தார்கள்.

"அவன எங்கன்னு கேளுங்க," என்றார் பார்பரா. "பொண்டாட்டிய விட்டுப் பேசச் சொல்றான் பாருங்க, அப்பன் மாதிரியே."

'ராய்ஸ்டன் எங்கே' என்று டொனால்ட் அடித்தார்.

இந்த முறை பதில் வர ஒரு முழு நிமிடம் ஆனது.

'அங்கதானே இருக்காரு?'

அடுத்த வரிகள் தொடர்ந்து விழுந்தன.

'மூணு மாசம் முன்ன ஒரு சின்ன சண்ட. அப்பா அம்மாகிட்ட போறேன்னு போனாரு. போன எடுக்கல. அங்கதான் இருக்காருன்னு நெனச்சேன். அவரு பாஸ்வேர்டு எனக்குத் தெரியும். காலைல தொறந்தா மூட மாட்டேன். தெனமும் உங்க அறிவிப்பப் படிப்பேன், அவரப் பத்தி ஒரு வரியாச்சும் வருமான்னு. மழ வருது, அத்த முட்டி வருது. அவரு மட்டும் வரல. கோவத்துல எழுதாம இருக்கீங்கன்னு நெனச்சேன்.'

டொனால்டின் கை விசைப்பலகை மேலேயே நின்றுவிட்டது. மகன் படிக்கிறான் என்று இவர் எழுதினார். மகன் அங்கே இருக்கிறான் என்று அவள் படித்தாள். மூன்று மாதமாக அவன் இரண்டு பக்கமும் இல்லை.

"நிறுத்து," என்றார். "அணைக்கிறத நிறுத்து, வனஸ்ஸா."

"நிறுத்தினா நாலு மணிக்குள்ள முடியாதுப்பா. ஏத்தவே ரெண்டு மணி நேரம்."

ஒன்று எட்டு. திரை மறுபடி நகர்ந்தது.

'மூணு கூப்பாடும் இப்பத்தான் படிச்சேன். வீடு போகக் கூடாது மாமா. நீங்க போடுங்க. நான் வெளிய போறேன்.'

ராய்ஸ்டன் என்ற வரி மறைந்தது. ஒன்று பத்துக்கு டத்தோ தன் கதவுகளை எல்லாம் சாத்திக்கொண்டார்.

"அவ நம்பரு?" என்றார் பார்பரா.

டொனால்ட் வனஸ்ஸாவைப் பார்த்தார். வனஸ்ஸா அம்மாவைப் பார்த்தாள். இருபத்தைந்து நிமிடத் தூரத்தில் ஒரு மருமகள் மூன்று வருடமாக இருக்கிறாள். அவள் நம்பர் இந்த வீட்டில் ஒருவரிடமும் இல்லை. ராய்ஸ்டன் நம்பரைப் போட்டார்கள். சேவையில் இல்லை என்று மலாயில் ஒரு பெண் சொன்னாள்.

பார்பரா எழுந்தார். தோட்டமே ஜெபம் செய்த அந்த இடது முட்டியை ஊன்றித்தான் எழுந்தார்.

"நான் பெர்த்தாம் போறேன். அந்தப் பொண்ணு தனியா இருக்கா. கெரெத்தா போகாதுன்னு நீங்கதான் எழுதி வச்சிருக்கீங்க. சுப்பன லோரி எடுக்கச் சொல்லுங்க."

சுப்பன் வந்தார். ராய்ஸ்டனைக் காணோம் என்று பார்பரா சொன்னதும், அவர் ஏதோ சொல்ல வந்தவர்போல நின்றார். பிறகு, "ஏறுங்கக்கா, போலாம்," என்று மட்டும் சொன்னார்.

டொனால்ட் போக முடியாது. அறிக்கையில் கையெழுத்துப் போட வேண்டியவர் அவர். நூற்று எண்பத்தாறு பேட்ச், ஒவ்வொன்றாக, வரிசை மாறாமல் ஏறத் தொடங்கின. அவர் அதன் எதிரே மருத்துவமனை வராந்தாவில் உட்கார்ந்திருப்பவர்போல உட்கார்ந்திருந்தார்.

"முப்பத்தி ரெண்டு தோல்வின்னு வருது!"

"அது நம்மகிட்ட இல்லாத சாமானுக்கு வந்த பேட்ச்ப்பா. இல்லாததுக்கு எப்படிப் போடும்?"

"நாப்பத்தி நாலு?"

"அது ஏற்கெனவே போட்டாச்சுன்னு சொல்லுது. தோல்வி இல்ல."

"யாரு போட்டது?"

"அண்ணன் போட்டிருப்பான். போறதுக்கு முன்னாடி."

டொனால்ட் அதற்குப் பிறகு எண்ணைக் கேட்கவில்லை.

மூன்று இருபதுக்கு மூட்டை முடிந்தது. பழைய வழியையும் மூடிவிட்டு, வனஸ்ஸா டத்தோவை அணைத்து எழுப்பும் கட்டளையை அடித்தாள். விளக்குகள் போயின. பதினோரு வருடமாக அந்த அறையில் கேட்டுக்கொண்டிருந்த முனகல் நின்றது. அப்படி ஒரு சத்தம் இருந்தது என்பதே நின்ற பிறகுதான் இருவருக்கும் தெரிந்தது.

அந்த நேரம் பார்த்து டொனால்டின் போன் அடித்தது.

"ஏங்க, இப்பத்தான் வந்து சேந்தேன், மண்ணு சரிஞ்ச எடத்துல லோரி மாட்டிக்கிச்சு." பார்பராவின் குரல் பாதியாக இருந்தது. "அவன் இங்க இல்ல. நெசமாவே இல்ல. சட்டை துணியெல்லாம் அப்படியே கெடக்கு. இந்தப் பொண்ணு சாப்பிட்டு எத்தன நாளாச்சோ. கூட்டிட்டு வரேன். என்ன சொல்றீங்க?"

"கூட்டிட்டு வா," என்றார் டொனால்ட். இதைச் சொல்ல மூன்று வருடம் ஆயிற்று. ஒரு செகண்டு வேலை.

டத்தோவின் வயிற்றில் ஏதோ கிரீச்சிட்டது. ஒரு முறை. இரண்டு முறை. தட்டு சுற்றத் தொடங்கியது. பச்சை விளக்கு ஒவ்வொன்றாக வந்தது. வனஸ்ஸா முகத்தை மூடிக்கொண்டு சிரித்தாளா அழுதாளா என்று தெரியவில்லை. மூன்று நாற்பத்தெட்டுக்கு அறிக்கை போனது. நாலு ஐந்துக்குத் தலைமை அலுவலகத்திலிருந்து ஒரே வரியில் பதில் வந்தது: கிடைத்தது. கிராணி வீடு நின்றது.

எல்லாம் சரியாகத் திரும்பிவிட்டதா என்று பார்க்க, உள்ளே யார் இருக்கிறார்கள் என்று வனஸ்ஸா கடைசியாக ஒரு முறை கேட்டாள்.

மூன்று வரி வந்தது.

முதல் வரி அவள். இரண்டாவது வரி அப்பா.

"அந்த வழிய மூடிட்டேல்ல?" என்றார் டொனால்ட்.

"மூடிட்டேன்."

"அந்தப் பொண்ணு உங்கம்மாகூட லோரியில வருதுல்ல?"

"வருது." வனஸ்ஸா திரையைத் தொட்டுக் காட்டினாள். "இது வெளியேர்ந்து இல்லப்பா. இது நம்ம கம்பி. நாலாம் டிவிஷன் பழைய எடைக்கூடம்."

பழைய எடைக்கூடத்தை மூடி ஐந்து வருடம் ஆகிறது. அங்கிருந்த டெர்மினலை, திரையும் விசைப்பலகையும்தான், கழற்ற மூன்று கையெழுத்து வேண்டும். இரண்டு கிடைத்தது. அதனால் அது இன்னும் டத்தோவோடு கம்பியில் கட்டப்பட்டே கிடக்கிறது.

வனஸ்ஸா வருகைப் பதிவைத் திறந்தாள். அப்பா அழிக்க விடாத பதிவு. ராய்ஸ்டன் பெயரில் தினமும் இரண்டு வருகை இருந்தது. காலை ஏழு மணிக்கு ஒன்று, லெம்பா பெர்த்தாமிலிருந்து. பகலில் ஒன்று, பழைய எடைக்கூடத்திலிருந்து, அறிவிப்பைப் படிக்கிற அளவுக்கு ஐந்து நிமிடம். எண்பத்தெட்டு நாளாக. இன்று பகல் பன்னிரண்டு நாற்பத்து நாலுக்கு வந்திருக்கிறான். முதல் கூப்பாடு போன நாலாவது நிமிடம், இவர்கள் சாம்பாரை ஊற்றிக்கொண்டிருந்தபோது. இரண்டாவது கூப்பாட்டைக் கேட்டதும் வெளியே போயிருக்கிறான். டத்தோ எழுந்ததும் மறுபடி வந்திருக்கிறான்.

"இங்கதான் இருக்கான்," என்றாள் வனஸ்ஸா. "மூணு மாசமா ஒரு மைல் தூரத்துல. அப்பா, ஒரு செய்தி அனுப்பவா?"

டொனால்ட் குடையை எடுத்தார்.

"மெஷின்ல மூணு கூப்பாடும் போட்டாச்சு. இனி ஆள் போகணும்."

மூடுபனி இறங்கிக்கொண்டிருந்தது. நாலாம் டிவிஷன் மேட்டில், மருந்தடித்துவிட்டுத் திரும்பிய ரெங்கசாமியின் ஆட்கள் மருந்துத் தகரங்களைக் கழுவிக்கொண்டிருந்தார்கள். பெரிய கிராணி ஆபீஸ் சப்பாத்துக் காலோடு செடிக்குள் இறங்குவதைப் பார்த்து எல்லாரும் நிமிர்ந்தார்கள். ஆபீசை விட்டு அவர் இவ்வளவு தூரம் நடந்து யாரும் பார்த்ததில்லை. பின்னால் வனஸ்ஸா ஓட்டமும் நடையுமாக வந்தாள்.

பழைய எடைக்கூடத்துக் கதவில் வெளியே பூட்டுத் தொங்கியது. புதுப் பூட்டு. கீழே ஒரு நாசி லெமாக் தாள் மடித்துக் கிடந்தது. வனஸ்ஸாவுக்கு இப்போது இரண்டு பொட்டலமும் நினைவுக்கு வந்தது, மோட்டார் திரும்பிய திசையும் நினைவுக்கு வந்தது. சாவி வைத்திருப்பவர் அம்மாவோடு லோரியில் இருக்கிறார். உள்ளே ஒரு மனிதனை வைத்து வெளியே ஏன் பூட்ட வேண்டும் என்று மட்டும் அவளுக்குப் புரியவில்லை.

கதவிடுக்கில் வெளிச்சம் தெரிந்தது. உள்ளே விசைப்பலகை தட்டும் சத்தம், விட்டு விட்டு.

டொனால்ட் கதவைத் தட்டவில்லை. முறைப்படி பத்தடி தள்ளி நின்றார். தொண்டையைச் செருமினார். ஒரு முறை சரியாக வரவில்லை. பிறகு, மேட்டில் இருந்த அத்தனை பேருக்கும் கேட்கும்படி, மூன்று வருடமாகச் சொல்லாத பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்.

"ராய்ஸ்டன்!"

உள்ளே தட்டும் சத்தம் நின்றது.

(தொடரும்)